கம்பத்துக்கு யார் கட்டுவது?

அந்தக் கட்சிக்காரர் முதலில் என்னிடம் வந்தது மின் இணைப்பு கேட்டு இல்லை. காலமாகிவிட்ட தன் அப்பாவின் பெயருக்கு வந்திருந்த ஒரு நோட்டீசை எடுத்துக்கொண்டு வந்தார். கே.ஜி.கண்டிகைக்காரர். அவர் பெயரும் வேண்டாம், நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தின் பெயரும் வேண்டாம். வழக்கைப் புரிந்துகொள்ள இரண்டும் தேவைப்படாது.

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையை ஒட்டிய அந்த ஊரில், அப்பா விட்டுப்போன கரும்புக் கொல்லையை அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கிணறும் பம்புசெட்டும் அண்ணன் பாகத்தில். என்னிடம் வந்த தம்பி தன் பாகத்தில் இரண்டு அறையும் ஒரு கூடமுமாக வீடு கட்டினார். ஊரின் கடைசிக் கம்பத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே ஐந்து கம்பம் நடவேண்டிய தூரம். இது 2016இல். கிரகப்பிரவேசம் முடிந்து மாதங்கள் ஓடியும் இணைப்பு வரவில்லை. பம்புசெட்டிலிருந்து ஒரு ஒயரை இழுத்து இரண்டு ட்யூப் லைட், ஒரு ஃபேன், ஒரு டி.வி. என்று ஓட்டியிருக்கிறார்கள். மின்வாரியத்தின் பறக்கும் படை வந்து பார்த்துவிட்டது. விவசாயத்துக்கு இலவசமாகக் கொடுத்த மின்சாரம் வீட்டுக்குப் போயிருக்கிறது, இருபதாயிரத்துச் சொச்சம் கட்டு என்று நோட்டீஸ். பம்புசெட் இணைப்பு அப்பா பெயரிலேயே இருந்ததால் நோட்டீசும் அவருக்கே வந்திருந்தது.

வீட்டுக்குத் தனியாக எழுதிப் போடவில்லையா என்று கேட்டேன்.

"அதெல்லாம் குடுத்தேன் சார். அஞ்சு கம்பம் போவணும், கம்பத்துக்கு நீங்களே காசு கட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும், இல்லன்னா மெட்டீரியல் வர்ற வரைக்கும் இருங்கன்னாங்க. கட்ட எங்கிட்ட ஏது? இருந்துட்டேன்."

இந்த ஒரு பதிலுக்குள் இரண்டு வழக்குகள் இருந்தன. கம்பத்துக்குப் பணம் கட்டவேண்டியது யார் என்பது ஒன்று. கட்ட முடியாமல் காத்திருந்தவர் அந்தக் காத்திருப்புக்காகவும் கட்டவேண்டுமா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சட்டத்தில் தெளிவான பதில் உண்டு. இரண்டாவதைச் சட்டம் ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்வதில்லை என்பதை அந்த வழக்கில்தான் முழுசாகப் பார்த்தேன்.

முதல் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். 1910ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் அட்டவணையிலேயே அதற்குப் பதில் இருந்தது. வீட்டுக்காரரின் சொந்த இடத்துக்குள் போகும் ஒயருக்கு அவர் கட்டவேண்டும்; அதற்கு வெளியே, தெருவில் ஓடும் விநியோக லைனிலிருந்து 100 அடி வரை கம்பெனியின் செலவு; 100 அடியைத் தாண்டுவதற்கு மறுபடியும் வீட்டுக்காரர். நகரத்துத் தெருக்களை மனதில் வைத்து எழுதிய கணக்கு அது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும் இடத்தில் 100 அடி தாராளம். கொல்லையில் வீடு கட்டுகிறவனுக்கு 100 அடியில் என்ன வரும்? இருந்தாலும் அந்தப் பழைய கணக்கில் ஒரு நேர்மை இருந்தது. யார் எதுவரை என்பதை நாடாவைப் பிடித்து அளந்து சொல்லிவிடலாம்.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அந்த நாடாவை எடுத்து வைத்துவிட்டது. விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் இணைப்புக் கொடுக்கவேண்டியது உரிமதாரரின், அதாவது மின் விநியோக நிறுவனத்தின், கடமை என்கிறது 43ஆம் பிரிவு. தவறினால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வரை தண்டம் போடலாம். இணைப்புக் கொடுக்க நியாயமாக ஆகும் செலவை விண்ணப்பதாரரிடம் வாங்கலாம் என்கிறது 46ஆம் பிரிவு. ஆனால் அதை அலுவலகம் தன் இஷ்டத்துக்கு வாங்க முடியாது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதிமுறை போட்டு அனுமதித்ததை மட்டும் வாங்கலாம். தமிழ்நாட்டில் சாதாரண வீட்டு இணைப்புக்கு ஆணையம் தலைப்புத் தலைப்பாகக் கட்டணம் குறித்திருக்கிறது: பதிவுக் கட்டணம், இணைப்புக் கட்டணம், மீட்டருக்கான வைப்பு, வளர்ச்சிக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை. கம்பம் என்று அதில் ஒரு தலைப்பு கிடையாது. வளர்ச்சிக் கட்டணம் என்று எல்லோரிடமும் வாங்குவதே கம்பமும் கம்பியும் டிரான்ஸ்ஃபார்மரும் போடுவதற்காகத்தான்.

இதே சண்டை மகாராஷ்டிரத்தில் பெரிய அளவில் நடந்துகொண்டிருந்ததை அப்போது நான் கவனித்துவந்தேன். அங்கே மாநில மின் விநியோக நிறுவனம் புது இணைப்புக் கேட்பவர்களிடம் லைன் செலவையும் சேர்த்து வசூலிக்க அனுமதி கேட்டது. 2006 செப்டம்பரில் அந்த மாநில ஆணையம் மறுத்துவிட்டது. விநியோக லைன் வரைக்கும் ஆகிற முதலீடு நிறுவனத்தைச் சேர்ந்தது, அதை எல்லா நுகர்வோரும் கட்டும் மின்கட்டணத்தின் வழியாக மீட்டுக்கொள்ளவேண்டும், ஒருவருக்கென்றே தனியாக லைன் போட்டால் மட்டும் அவரிடம் வாங்கலாம் என்பது அதன் நிலை. அதன் பிறகும் வேறு வேறு பெயர்களில் வசூல் நடந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று 2007இல் ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் போனது. அங்கே திருப்பிக் கொடுப்பதற்குத் தடை கிடைத்தது. மேல்முறையீடு தள்ளுபடியானது 2016 நவம்பரில். சட்டம் முதல் நாளிலிருந்து நுகர்வோர் பக்கம்தான் இருந்தது. பணம் ஒன்பது வருஷம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது.

அந்தத் தீர்ப்பு வந்த சமயத்தில் என் கட்சிக்காரரின் மனு நிலுவையில் இருந்தது. மகாராஷ்டிரத்தின் விதிமுறை தமிழ்நாட்டை நேராகக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் கை கொடுக்கும் என்று மகிழ்ந்தேன். பிறகு யோசித்தபோது அது எனக்குப் பயன்படாது என்பது புரிந்தது. மகாராஷ்டிரத்தில் வசூல் ரசீதோடு நடந்தது. ரசீது இருந்ததால் எதிர்க்க ஒரு உத்தரவு இருந்தது. இங்கே எவரும் கம்பத்துக்குக் கட்டு என்று எழுதித் தரவில்லை. கட்டினால் சீக்கிரம் என்று வாயால் சொன்னார்கள், அவ்வளவுதான். சட்டத்துக்கு முரணான ஒரு கோரிக்கையை எழுத்தில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் உடைத்துவிடலாம். நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனை போல் ஒலிப்பதை எந்த மன்றத்தில் கொண்டுபோய் எதிர்ப்பது?

அந்த யோசனையைச் சொன்னவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு பிரிவு அலுவலகத்துக்கு ஒதுக்கப்படும் கம்பங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் நிறைய. புயல் மழையில் சாய்ந்தவற்றை மாற்றுவதற்கே பாதி போய்விடும். வசதி உள்ளவர் தன் செலவில் போட்டுக்கொண்டால் வரிசை சற்றுக் குறையும் என்று ஒரு பொறியாளர் நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படி முதலில் கட்டியவரின் ஐந்து கம்பத்தில், அடுத்த வருஷம் அதே பாதையில் வீடு கட்டுகிற நான்கு பேர் நிர்ணயக் கட்டணத்தை மட்டும் கட்டி இணைப்பு வாங்கிக்கொள்வார்கள். கம்பம் அரசு நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. முதலில் கட்டியவருக்கு ஒரு பைசா திரும்பாது. பிரிட்டனில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் செலவில் போட்ட லைனில் ஐந்து ஆண்டுக்குள் வேறொருவர் இணைந்தால், பின்னால் வந்தவரிடம் பங்கு வாங்கி முன்னவருக்குக் கொடுக்கவேண்டும் என்றது 2002ஆம் ஆண்டு விதி. 2017இல் அதைப் பத்து ஆண்டாக நீட்டினார்கள். நம் ஊரில் கம்பத்துக்குத் தனியார் பணம் வாங்கும் தலைப்பே கிடையாது என்பதால், திருப்பித் தரும் தலைப்பும் கிடையாது.

கட்சிக்காரர் கொடுத்ததாகச் சொன்ன முதல் விண்ணப்பத்துக்கு அத்தாட்சி எதுவும் அவரிடம் இல்லை. பேப்பரைக் கொடுத்தார், அது மேஜையில் இருந்தது, பதிவேட்டில் ஏறவில்லை. இணைப்புத் தாமத வழக்குகள் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் செத்துப்போகின்றன. சட்டத்தின் கடிகாரம் விண்ணப்பம் பதிவான நாளிலிருந்துதான் ஓடும். பதிவாகாத வரைக்கும் தாமதம் என்று ஒன்று கணக்கிலேயே வராது. ஆகவே வீட்டு வரி ரசீது, பட்டா நகல் எல்லாம் இணைத்துப் புதிதாக ஒரு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். பிறகு 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்த வீட்டுக்கு எஸ்டிமேட் போடப்பட்டதா, எப்போது, என்ன நிலையில் இருக்கிறது? வந்த பதில் இரண்டு வரி. எஸ்டிமேட் தயாரித்து ஒப்புதலும் ஆகிவிட்டது. தளவாட ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கிறது. எனக்கு அது போதுமாக இருந்தது. விண்ணப்பம் வந்தே இருக்கவில்லை என்று இனி சொல்ல முடியாது. கம்பச் செலவு நிறுவனத்தின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் அவர்கள் கையெழுத்திலேயே வந்துவிட்டது.

இதை வைத்து மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுப் போட்டோம். ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இப்படி ஒரு மன்றம் உண்டு. அதன் தலைவர் அந்த வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர். யார் மேல் புகாரோ அவர்களின் மேலதிகாரி. கேட்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் கம்பம் எந்த ஸ்டோரில் இருக்கிறது என்று தெரிந்தவரும், அதை இங்கே அனுப்பு என்று போனில் சொல்லக்கூடியவரும் அவர்தான். நீதிபதிக்கு அந்த வசதி கிடையாது. மனுவில் சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. பறக்கும் படை விவகாரத்தை எதிர்த்தரப்பு எடுத்ததும், அதற்குள் நாங்கள் போக முடியாது என்று மன்றம் சொல்லிவிட்டது. சொன்னது சரிதான். 126ஆம் பிரிவின்படி போடப்படும் மதிப்பீடும் 135ஆம் பிரிவின் திருட்டும் குறைதீர் மன்றத்தின் வரம்புக்குள் வராது. நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் போக முடியாது; 126ஆம் பிரிவு மதிப்பீடு அங்கே விசாரிக்கத்தக்கதல்ல என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. சிவில் நீதிமன்றத்தின் கதவை 145ஆம் பிரிவு அடைத்து வைத்திருக்கிறது.

ஆக, ஒரே கதை இரண்டாக வெட்டப்பட்டு இரண்டு மேஜைகளில் விழுந்தது. இணைப்பு ஏன் தாமதமானது என்று கேட்கும் மேஜையில், அந்தத் தாமதத்தால் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்ல முடியாது. ஏன் ஒயர் இழுத்தாய் என்று கேட்கும் மேஜையில், இணைப்பு ஏன் வரவில்லை என்று சொன்னால் அது இந்த ஃபைலில் இல்லை என்பார்கள். ஒயர் இழுத்தவன் குற்றவாளியா என்று ஊரில் நான்கு பெரியவர்களைக் கேட்டிருந்தால் இரண்டு பாதியையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்திருப்பார்கள்.

மதிப்பீட்டு அதிகாரி முன்னால் எனக்கு முதல் கவலை தொகை இல்லை. வேளாண் மின்சாரத்தை வீட்டுக்கு எடுப்பது அனுமதித்ததற்கு மாறான பயன்பாடு என்று 126இல் வரும். நேர்மையற்ற எண்ணத்தோடு செய்ததாகக் கொண்டால் அதே செயல் 135இல் திருட்டாகவும் வரும். எது என்பது பெரும்பாலும் சோதனைக்கு வந்தவர் எழுதும் முதல் அறிக்கையில் தீர்ந்துவிடும். முன்னதில் பணம் கட்டுவதோடு முடியும், பின்னதில் எஃப்.ஐ.ஆர். ஒயரை மறைக்காமல் வேப்பமரத்தின் மேலாக எல்லோர் கண்ணிலும் படும்படி இழுத்திருந்தார்கள் என்பது இங்கே எங்களுக்கு உதவியது. மறைக்க நினைத்தவன் அப்படி இழுக்கமாட்டான்.

பிறகு தொகை. 126ஆம் பிரிவில் எவ்வளவு காலம் அப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும், தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு, இரண்டு மடங்குக் கட்டணத்தில் போடவேண்டும். நோட்டீசில் 12 மாதம் போட்டிருந்தார்கள். கிரகப்பிரவேச அழைப்பிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். மஞ்சள் தடவிய மூலைகளோடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதோடு, அன்றைக்கு ஷாமியானாக்காரரிடம் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்த ரசீதும் அவர் மனைவி பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். வீட்டில் கரண்ட் இருந்திருந்தால் ஜெனரேட்டருக்கு எதற்குக் காசு கொடுப்பார்கள்? அந்தத் தேதிக்கு முன்னால் ஒயர் இல்லை என்பது நிலைநின்றது. பன்னிரண்டு மாதம் நான்காகச் சுருங்கியது. இருபதாயிரத்துச் சொச்சம் ஏழாயிரத்தை ஒட்டி வந்து நின்றது. சட்ட நூலகத்தில் எனக்குக் கிடைக்காத ஒரு வாதத்தை அந்த அம்மாவின் பீரோ கொடுத்தது.

அந்த மேஜையில் நான் எழுப்பிப் பார்த்து எடுபடாத வாதமும் ஒன்று உண்டு. காத்திருக்கவேண்டியதுதானே என்று அதிகாரி கேட்டார். திருவண்ணாமலை மாவட்டத்தில் புறம்போக்கில் குடியிருந்தவர்களுக்கு இணைப்பு மறுக்கப்பட்ட டி.எம்.பிரகாஷ் வழக்கை எடுத்துச் சொன்னேன். 2013 செப்டம்பரில் நீதிபதி எஸ்.மணிக்குமார் கொடுத்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அது. மின்சாரம் இல்லாத வீட்டுக் குழந்தை மற்றக் குழந்தைகளோடு போட்டி போடுவதைப் பற்றி நினைக்கக்கூட முடியாது, மின்சாரம் இல்லாமை கல்வியையும் உடல்நலத்தையும் கெடுத்து ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்று நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. என் கட்சிக்காரரின் பெண் அப்போது பத்தாம் வகுப்பு. சொந்த நிலமில்லாதவர்களுக்கே அப்படி என்றால், பட்டா வைத்திருப்பவரை மாதக்கணக்கில் இருட்டில் வைத்தது யார் தவறு என்று கேட்டேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது நியாயம்தான் சார், ஆனா இதைக் கழிக்க எனக்குப் பவர் இல்ல" என்றார். உண்மையில் இல்லைதான். 127ஆம் பிரிவில் மேல்முறையீடு போகலாம்; அதற்கு மதிப்பீட்டில் பாதியை முன்பணமாகக் கட்டவேண்டும். மூன்றாயிரத்து ஐந்நூறைக் கட்டி, என் கட்டணத்தையும் கொடுத்து, மீதி மூன்றாயிரத்து ஐந்நூறுக்காக அலைவதா? கட்டிவிடுகிறேன் சார் என்றார். கட்டினார்.

குறைதீர் மன்றத்தில் ஜெயித்தோம். லைனை நிறுவனத்தின் செலவிலேயே குறித்த காலத்துக்குள் போட்டு இணைப்புத் தரவேண்டும் என்று உத்தரவானது. அதற்கும் ஒரு தடங்கல் வந்தது. லைன் போகவேண்டிய நேர்வழியில் பக்கத்துக் கொல்லைக்காரர் என் கரும்புக்கு மேலே கம்பி போகக்கூடாது என்றார். ஆட்சேபம் வந்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற்றுப் போடலாம் என்று 2006ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதற்குள் இன்னொரு பட்டம் கரும்பு வெட்டித் திருவாலங்காடு ஆலைக்குப் போய்விடும். லைனை வண்டிப்பாதை ஓரமாகத் திருப்பச் சொன்னோம். ஐந்து கம்பம் ஏழானது. இணைப்பும் வந்தது. தாமதத்துக்கு இழப்பீடாக நாளொன்றுக்கு 100 ரூபாய், ஆனால் மொத்தத்தில் 1,000 ரூபாய்க்கு மேல் போகாது என்பது அன்றைய விதி. பத்து நாள் தாமதமும் பத்து மாதத் தாமதமும் ஒரே விலை. சட்டத்தின் 43ஆம் பிரிவு நாளுக்கு 1,000 வரை என்று மிரட்டுகிறது. விதிமுறைக்கு இறங்கி வந்தபோது அது மொத்தத்துக்கே 1,000 ஆகிவிட்டது. கணக்கு இப்படி முடிந்தது: ஏழு கம்பத்துக்கும் கம்பிக்கும் பொதுப்பணம், காத்திருந்த நான்கு மாதத்துக்கு அவர் கட்டியது ஏழாயிரத்துக்குப் பக்கம், அவருக்கு வந்தது ஆயிரம்.

அண்ணனுக்குத்தான் மனக்குறை போகவில்லை. விவகாரம் நடந்த காலம் முழுக்க இலவசப் பம்புசெட் இணைப்பே பறிபோய்விடும் என்ற பயத்தில் இருந்தார். அந்தப் பயம் அர்த்தமில்லாததில்லை. தமிழ்நாட்டில் புது வேளாண் இணைப்புக்கு எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காத்திருக்க முடியாதவர்களுக்குத் தட்கல் என்று ஒரு வரிசை, 5 குதிரைத்திறன் மோட்டாருக்கே 2.5 லட்சம். அங்கே பணம் கட்டினால் சீக்கிரம் என்பது அறிவிக்கப்பட்ட திட்டம். அதைப் பார்த்துப் பழகிய ஊர்க்காரருக்கு, வீட்டுக்கும் அப்படித்தான் என்று யாராவது சொன்னால் சந்தேகம் வராது.

ஆந்திரப் பக்கத்து நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்து எடுத்தவர்கள் இங்கே அதிகம். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் எல்லாம் ஒரே சித்தூர் மாவட்டம். இப்போது 2003ஆம் ஆண்டுச் சட்டம் இரு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆணையம் வேறு, கட்டணப் பட்டியல் வேறு. சம்பந்தி வீட்டில் இவ்வளவுதான் கட்டினார்கள் என்று என்னிடம் வந்து சண்டை போடுகிறவர்கள் உண்டு.

2020ஆம் ஆண்டு இறுதியில் வந்த மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள் நான் பட்ட சிரமத்தில் பாதியைத் தீர்த்தன. விண்ணப்பத்தை இணையவழியில் போட்டால் எண் வந்துவிடுகிறது. மேஜையில் காணாமல் போக வழியில்லை. 150 கிலோவாட் வரை இடத்துக்கு இடம் எஸ்டிமேட் போடாமல், மின்பளுவை வைத்துச் சராசரிச் செலவில் ஒரே கட்டணம் வைக்கவேண்டும் என்கின்றன அந்த விதிகள். கம்பத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் கூடக் கொடுக்க, தூரத்தில் இருப்பவர் அதனால் கொஞ்சம் குறையக் கொடுப்பார். எனக்கு அது சரியென்றே படுகிறது. கிராமத்தில் 30 நாளுக்குள் இணைப்பு என்று வைத்ததை 2024இல் 15 ஆக்கினார்கள். ஆனால் லைனை நீட்டவேண்டிய வீட்டுக்கு அந்த 15 நாள் பொருந்தாது. நீட்டி முடித்த பிறகு, அல்லது ஆணையம் குறிக்கும் தனிக் காலத்துக்குள். கொல்லையில் கட்டிய வீடு இன்றைக்கும் அந்த விதிவிலக்கில்தான் நிற்கிறது.

அதனால் இப்போது அஸ்திவாரம் தோண்டும்போதே கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்புக்கு எழுதிப் போடச் சொல்கிறேன். அதன் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிடக் கூடத்தான். ஆனால் அதற்காகவாவது லைன் முன்கூட்டியே வந்து சேரும், கூரை போடும்போது நிரந்தர இணைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். சிலர் அப்படிச் செய்கிறார்கள். பெரும்பாலோர், ஆறு மாதத்துக்கு எதற்கு சார் அந்த ரேட்டு, பக்கத்துக் கொல்லையில் மாமா பம்புசெட் இருக்கிறது என்கிறார்கள்.